ஒரு சுவிஸ் மலைக்கிராமத்தைப் படிக்க: மேப்.ஜியோ.அட்மின்.சிஹெச் எவ்வளவு உதவும்?

சுவிட்சர்லாந்து அரசின் நில அளவைத் துறையான சுவிஸ்டோப்போவின் வரைபடங்கள் மேப்.ஜியோ.அட்மின்.சிஹெச் (map.geo.admin.ch) என்ற இந்தத் தளத்தில் கிடைக்கின்றன. கட்டணம் இல்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை. 2021 மார்ச் முதல் துறையின் தரவுகளைப் பதிவிறக்கிக்கொள்வதும் இலவசம். தமிழ் இடைமுகம் இல்லை. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ், ஆங்கிலம் ஆகிய ஐந்தில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

சோதித்துப் பார்க்கக் கிளாருஸ் மாநிலத்தின் எல்ம் நல்ல ஊர். ஸெர்ன்ஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஊர் சிறியது, கதை பெரியது.

முதல் சிக்கல் தேடலிலேயே வரும். கிளாருஸின் 25 ஊராட்சிகளை மூன்றாகச் சுருக்க 2006-இல் வாக்காளர்கள் நேரில் கூடும் மக்கள் சபை முடிவெடுத்தது. 2011 ஜனவரி 1 முதல் எல்ம் தனி ஊராட்சி அல்ல, கிளாருஸ் தெற்கின் ஒரு பகுதி. அதனால் ஊராட்சி எல்லை அடுக்கை (வரைபடத்தின்மேல் விரிக்கும் தகவல் படலம்) போட்டால் எல்ம் கிடைக்காது, பெரிய கிளாருஸ் தெற்குதான் வரும். தேடல் பெட்டியில் எல்ம் (Elm) என்று ரோமன் எழுத்தில் அடித்து, வரும் பட்டியலில் ‘இடம்’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஊராட்சியின் மக்கள்தொகைக்கு இந்தத் தளத்தை நம்ப வேண்டாம். சுவிட்சர்லாந்து வரலாற்று அகராதியில் (இதுவும் இணையத்தில் இலவசம், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியனில் உண்டு) இணைந்துபோன ஊராட்சிகளுக்கும் தனிக் கட்டுரை இருக்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தாவலில் திறந்து வைத்துக்கொண்டால் வேலை எளிது.

அடுத்து, தேடல் பெட்டியிலேயே ‘ஜர்னி த்ரூ டைம்’ (Journey through time) என்று அடித்து அந்த அடுக்கைச் சேருங்கள். ஆண்டுப் பட்டை தோன்றும். இழுத்தால் 19-ஆம் நூற்றாண்டு நடுப்பகுதியின் அரசு வரைபடமான டூஃபூர் வரைபடத்திலிருந்து இன்றுவரை வரும். தளத்தின் உயிர்நாடி இதுதான். அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவதும் இதுவே. பட்டையில் நீங்கள் வைக்கும் ஆண்டு, அந்த ஆண்டில் ஊர் எப்படி இருந்தது என்று காட்டுவதில்லை. அந்தப் பகுதிக்கு அதுவரை அச்சாகி வெளியான கடைசி வரைபடத் தாளைத்தான் காட்டும். பக்கத்துத் தாள் வேறு ஆண்டில் வந்ததாக இருக்கலாம். ஷ்வாண்டனிலிருந்து எல்ம் வரை ஓடிய ஸெர்ன்ஃப் பள்ளத்தாக்கு ரயிலை (1905–1969) எடுத்துக்கொள்ளுங்கள். 1969-ஐத் தாண்டியதும் தண்டவாளக் கோடு மறைந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தாள் திருத்தி அச்சாகும் வரை கோடு நிற்கும். வரைபடத்தைச் சொடுக்கித் தாளின் விவரத்தைப் பார்த்த பிறகே ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பொறி உயரம். பழைய வரைபடத்தில் ஓர் இடத்தின் உயரம் இன்றைய எண்ணைவிட மூன்று மீட்டர் கூடுதலாக இருந்தால் தரை இறங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். சுவிஸ் உயரங்கள் எல்லாம் ஜெனீவா ஏரியில் நிற்கும் ‘பியேர் து நிதோன்’ என்ற பாறையிலிருந்து கணக்கிடப்படுகின்றன. அந்தப் பாறைக்கு முன்பு 376.86 மீட்டர் என்று வைத்திருந்தார்கள், பிறகு 373.6 மீட்டராகத் திருத்தினார்கள். அந்த 3.26 மீட்டர்தான் வித்தியாசம்.

மூன்றாவது, சரிவு. டூஃபூருக்கு அடுத்து, 1870 முதல் வெளிவந்த சீக்ஃபிரீட் வரைபடம் ஆல்ப்ஸ் பகுதிக்கு 1:50,000 அளவில், 30 மீட்டருக்கு ஒரு சம உயரக்கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) போட்டது. இன்றைய 1:25,000 தேசிய வரைபடம் (எல்முக்குத் தாள் எண் 1174) ஆல்ப்ஸில் 20 மீட்டருக்கு ஒன்று போடுகிறது. கோடுகளின் நெருக்கத்தை வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். டூஃபூரில் சம உயரக்கோடே கிடையாது. வடமேற்கிலிருந்து வெளிச்சம் விழுவதுபோல் நிழல் கீற்றுகள் மட்டும். கண்ணுக்கு அழகு, அளவெடுக்க உதவாது. சரிவு வேண்டுமென்றால் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளை நிறம் பிரித்துக் காட்டும் அடுக்கைப் போடுவதே முறை.

இந்த அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் எல்மின் பெரிய துயரம் புரியும். ஊருக்கு மேலே பலகைக்கல் வெட்டினார்கள். பள்ளிச் சிலேட்டுகள் செய்ய நல்ல கல். மலையின் அடியைக் குடைந்துகொண்டே போனதில் மேலே தாங்கல் போயிற்று. மழையும் சேர, 1881 செப்டம்பர் 11 அன்று சுமார் ஒரு கோடி கன மீட்டர் பாறை சரிந்தது. நேராகக் கீழே விழுந்து நிற்கவில்லை: எதிர்ச் சரிவான டூனிபெர்க்கில் மோதி, திரும்பி, பள்ளத்தாக்கோடு கீழ்நோக்கி ஓடியது. 110-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாறை நீர்போல் ஓடும் இந்த வகைச் சரிவை ஆராய்பவர்கள் இன்றும் நிலப்பொதியியலாளர் (பாறைகளை ஆராய்பவர்) ஆல்பர்ட் ஹைம் எல்மைப் பற்றி எழுதியதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தளத்தில் ‘சுவிஸ்ஆல்டி3டி’ (swissALTI3D) நிழல் அடுக்கைச் சேர்த்து, தேசிய வரைபடத்தின் ஒளிபுகுதன்மையைப் பாதி அளவுக்குக் கூட்டுங்கள். மரமும் வீடும் நீங்கிய வெறும் தரை மட்டும் தெரியும். சரிவு ஓடிய திசையைத் தொடர இதைவிட நல்ல வழியில்லை. முப்பரிமாணக் காட்சி பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் இந்த வேலைக்கு நிழல் அடுக்கே போதும்.

நிலப்பொதியியல் அடுக்கு கொஞ்சம் ஏமாற்றம். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சார்டோனா மலைப்பகுதி எல்முக்கு மேலேதான் இருக்கிறது. 25 முதல் 30 கோடி ஆண்டுப் பழமையான வெருக்கானோ பாறை, அதைவிட மிக இளைய ஃபிளிஷ் பாறைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நேரில் சிங்கல்ஹோர்னர் முகடுகளில் இந்த இரண்டின் எல்லை கத்தியால் கீறிய கோடுபோல் தெரியும். செங்குத்துச் சுவரில் இருப்பதால் மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் அது மெல்லிய வளைகோடாகச் சுருங்கிவிடுகிறது. குறியீடுகளின் விளக்கமும் ஜெர்மன், பிரெஞ்சு தெரியாதவருக்குக் கடினம்.

வரையும் கருவி அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. அதே முகட்டில் மார்ட்டின்ஸ்லோக் என்ற இயற்கைத் துளை உண்டு. ஆண்டுக்கு இருமுறை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், சூரியன் அதன் வழியே எல்ம் தேவாலயத்தின்மேல் ஒளி வீசும். தேவாலயத்திலிருந்து துளைவரை கோடு வரைந்து உயரக் குறுக்குவெட்டைத் திறந்தால், கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் தூரத்தில் 1,600 மீட்டர் ஏற்றம் தெரியும். கோடு வரையும்போது கடைசிப் புள்ளியை இருமுறை சொடுக்கி முடிக்க வேண்டும். பக்கத்தை மூடுமுன் பகிர்வு இணைப்பை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.