லாஜிடெக் எம்கே270 வயர்லெஸ் கீபோர்டு: சர்வீஸ் மேசையிலிருந்து ஒரு மதிப்பீடு

பனியன் கம்பெனி ஆபீஸோ மஞ்சள் மண்டியோ, பில் போடும் மேசைக்கு வயர்லெஸ் செட் வேண்டுமென்றால் எம்கே270 தாராளமாக வாங்கலாம். முழு அளவுக் கீபோர்டு, வலப்பக்கம் தனி நம்பர் பேடு. டாலி கணக்கு மென்பொருளில் நாள் முழுக்க எண் தட்டுகிறவர்களுக்கு அந்த நம்பர் பேடு இல்லாத சின்னக் கீபோர்டு சரிப்படாது. கீபோர்டுக்கு ரிமோட்டில் போடும் ட்ரிபிள் ஏ செல் 2, மவுஸுக்கு டபுள் ஏ செல் 1. இரண்டுக்கும் சேர்த்து, கம்ப்யூட்டரின் யுஎஸ்பி போர்ட்டில் செருகும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்.

அந்த ஒற்றை ரிசீவரே பழுது பார்க்கும்போது நல்ல துப்புக் கொடுக்கும். மவுஸ் ஓடுகிறது, கீபோர்டு மட்டும் ஓடவில்லை என்றால் ரிசீவரும் போர்ட்டும் நன்றாக இருக்கின்றன. கோளாறு கீபோர்டின் செல்லிலோ ஸ்விட்சிலோ இணைப்பிலோ இருக்கும். இரண்டுமே ஓடவில்லை என்றால் கீபோர்டைத் தொடவே வேண்டாம், ரிசீவரையும் போர்ட்டையும் பாருங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் கீபோர்டைப் பிரிப்பது வீண் வேலை.

“நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சுங்ணா” என்று வரும் கீபோர்டில் முதலில் செல்லை மாற்றுங்கள். மல்ட்டிமீட்டரில் 1.4 வோல்ட் காட்டுகிறதே என்று விட்டுவிடக் கூடாது. லோடு இல்லாமல் அளந்தால் தீர்ந்துபோன செல்லும் நல்ல வோல்டேஜ் காட்டும். இரண்டு செல்லையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று போட்டால் பழையது சீக்கிரம் கசியும். ஆல்கலைன் செல் கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளைப் பூச்சு படிந்திருந்தால், வினிகர் தொட்ட பட்ஸால் துடைத்து, அதன்மேல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு செல் போடுங்கள். கீபோர்டின் அடியில் இருக்கும் ஆன்-ஆஃப் ஸ்விட்ச் பையில் உரசி ஆஃபுக்குப் போயிருப்பதும் அடிக்கடி நடக்கும்.

அடுத்தது ரிசீவர் எங்கே செருகியிருக்கிறது என்பது. இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழுது பார்க்கும் நேரத்தில்தான் இது அதிகம் தலைகாட்டும். வாடிக்கையாளரின் டேட்டாவை யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுக்கிறீர்கள். அதற்குப் பக்கத்துப் போர்ட்டிலேயே ரிசீவர். காப்பி ஓட ஆரம்பித்ததும் எழுத்து விட்டுவிட்டு விழும், மவுஸ் துள்ளும். காப்பி முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும். யுஎஸ்பி 3.0 கேபிளிலும் கனெக்டரிலும் ஓடும் வேகமான சிக்னல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் இரைச்சலைக் கிளப்புவதே காரணம். இன்டெல் 2012-லேயே இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டது. கறுப்பு நிற யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள். எல்லாப் போர்ட்டும் நீலமாக, அதாவது யுஎஸ்பி 3.0 ஆக இருந்தால் ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ரிசீவரை மேசைமேல் கொண்டுவாருங்கள். சிபியுவின் பின்பக்கம், இரும்பு மேசைக்குக் கீழே, சுவரை ஒட்டிச் செருகியிருக்கும் ரிசீவருக்கும் இதுதான் மருந்து. 10 மீட்டர் எட்டும் என்று பெட்டியில் போட்டிருப்பது தடையில்லாத இடத்துக்கான கணக்கு.

விண்டோஸ் ஏறும் முன்னால் வரும் செட்டிங் திரையான பயாஸில் இந்தக் கீபோர்டு வேலை செய்யும். கம்ப்யூட்டருக்கு அந்த ரிசீவர் சாதாரண யுஎஸ்பி கீபோர்டாகத்தான் தெரியும். புளூடூத் கீபோர்டு அப்படி அல்ல, பெரும்பாலும் விண்டோஸ் ஏறிய பிறகே பேசும். எம்கே270-இல் டெலிட் கீயை எவ்வளவு தட்டினாலும் பயாஸ் திறக்கவில்லையென்றால் சீக்கிரம் ஆன் ஆவதற்காகச் சில சோதனைகளைத் தாண்டிவிடும் ஃபாஸ்ட் பூட் ஆனில் இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். ஆறாம் தலைமுறை இன்டெல் மதர்போர்டில் விண்டோஸ் 7 ஏற்றும்போது கீபோர்டும் மவுஸும் செத்துப்போவது யுஎஸ்பி 3 டிரைவர் விண்டோஸ் 7 டிஸ்க்கில் இல்லாததால். வயர் கீபோர்டு போட்டாலும் அதே கதைதான். 2025 அக்டோபர் 14-இல் வந்த விண்டோஸ் 11 அப்டேட் கேபி5066835, விண்டோஸைச் சரிசெய்ய வரும் ரிக்கவரி திரையில் எல்லா யுஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் முடக்கியது. மைக்ரோசாஃப்ட் அக்டோபர் 20-இல் கேபி5070773 மூலம் சரிசெய்தது. அந்த நிலையிலேயே நின்றுபோன சிஸ்டம் இன்னமும் கைக்கு வரலாம். பிஎஸ்2 என்ற பழைய வட்டப் போர்ட் உள்ள மதர்போர்டில் பழைய பிஎஸ்2 கீபோர்டு அந்தத் திரையில் வேலை செய்யும். அதனால் பழைய பிஎஸ்2 ஒன்று, வயர் யுஎஸ்பி ஒன்று எப்போதும் மேசையில் இருக்கட்டும். ரிப்பேர் மேசைக்கு வயர்லெஸ்ஸை மட்டும் நம்பக் கூடாது.

விண்டோஸ் ஓடும்போது சிறிது நேரம் சும்மா இருந்தால் கீபோர்டு தூங்கிப்போகிறதா? டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் சேமிக்க அணைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். கீயை அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழுகிறது என்றால், சட்டென்று தட்டுவதைக் கணக்கில் எடுக்காத ஃபில்டர் கீஸ் என்ற விண்டோஸ் வசதி ஆனில் இருக்கும். வலது ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் வரும் பெட்டியில் யாரோ சம்மதம் கொடுத்திருப்பார்கள்.

திருப்பூர், பல்லடம் பக்கம் பஞ்சுத் தூசி தனிப் பிரச்சினை. நூல் கீயின் தண்டைச் சுற்றிக்கொண்டால் அழுத்திய கீ மேலே வராது. சாதாரணக் கீயைத் தட்டையான பிளாஸ்டிக்கால் நெம்பி எடுத்து பிரஷ் போட்டால் போதும். ஸ்பேஸ், என்டர் கீக்களுக்கு அடியில் கம்பி இருக்கும், அவற்றை அவசரப்பட்டு இழுத்தால் கொக்கி உடையும். சர்க்கரை போட்ட டீ கொட்டியிருந்தால் செல்லைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். அடுத்தடுத்த கீக்கள் வரிசையாகப் போயிருந்தால் உள்ளே மெம்பரேன் என்ற பிளாஸ்டிக் தாளில் ஓடும் மின்கோடு அரித்திருக்கும். இந்த விலையில் அதைச் சரிசெய்வது கட்டுபடியாகாது, புது செட் வாங்கச் சொல்லுங்கள்.

குறைகள் இரண்டு. கேப்ஸ் லாக், நம் லாக் விளக்கு இதில் கிடையாது; பாஸ்வேர்டு தப்பு என்று வரும் பல அழைப்புகளுக்கு இதுவே காரணம். இரண்டாவது, இதோடு வரும் ரிசீவர் ஆறு கருவி சேர்க்கும் யூனிஃபையிங் வகை அல்ல. அது தொலைந்தால் பெரும்பாலும் செட்டையே மாற்ற வேண்டியிருக்கும். இணைப்பு மட்டும் அறுந்திருந்தால் லாஜிடெக்கின் கனெக்‌ஷன் யுடிலிட்டியை ஓட்டி, கீபோர்டை ஆஃப் செய்து ஆன் செய்தால் சேர்ந்துகொள்ளும். ஒரே ஆபீஸில் பத்து செட் வாங்கினால் பத்து ரிசீவரும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். கீபோர்டு, மவுஸ், ரிசீவர் மூன்றிலும் ஒரே எண்ணை நெயில் பாலிஷால் எழுதிவிடுங்கள். சிபியுவைச் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ரிசீவரைக் கழற்றி மவுஸின் செல் அறையில் அதற்கென்று உள்ள இடத்தில் வைத்துவிடலாம். கழற்றாமல் கொடுத்தால் ரசீதில் “ரிசீவருடன்” என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.