சரிந்த இரும்புத் தடை பயங்கரவாதமா? நான்கு அளவுகோல்கள் சொல்லும் விடை

காலிமுகத்திடலில், ஜனாதிபதி செயலகத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டக்காரர்கள் பொலிஸாரின் இரும்புத் தடையொன்றைத் தள்ளிச் சாய்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எவருக்கும் காயமில்லை. தடையின் கால் மட்டும் வளைந்துவிட்டது.

இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பயங்கரவாதத்துக்கு வரைவிலக்கணமே கிடையாது. 2ஆம் பிரிவு குற்றங்களை அடுக்கிக்கொண்டு போகிறது; அரச சொத்துக்குச் சேதம் விளைவிப்பதும் அவற்றில் ஒன்று. மக்களை அச்சுறுத்தும் எண்ணம் இருந்ததா என்று அது கேட்பதில்லை. ஆகவே வளைந்த தடையும் இதற்குள் வந்துவிடும். வந்தால், சாதாரண வழக்காக முடிய வேண்டியது தடுப்புக்காவல் உத்தரவாக மாறும்: மும்மூன்று மாதமாக, முன்பு 18 மாதம் வரை, 2022 திருத்தத்துக்குப் பின் 12 மாதம் வரை. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலும் நீதிமன்றத்தில் சாட்சியமாகும். மாணவர் தலைவர் வசந்த முதலிகே 2022 ஆகஸ்டில் கைதாகி, இதே சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கப்பட்டார். பயங்கரவாதக் குற்றச்சாட்டிலிருந்து கொழும்பு பிரதான நீதவான் அவரை விடுவித்தது 2023 ஜனவரி 31இல்தான். ஐந்து மாதத்துக்கும் மேல்!

பிரித்தானியாவின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் நோக்கத்தைக் கேட்கிறது: அரசியல், மத, இன அல்லது கொள்கைக் காரணத்துக்காக அரசின் மீது செல்வாக்குச் செலுத்தவோ மக்களை அச்சுறுத்தவோ செய்ததா? ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாமல் சொத்துக்கு மட்டும் பாரதூரமான சேதம் ஏற்பட்டாலும் அதற்குப் போதும். நம் தடை தப்பும். பொலிஸ் வாகனம் எரிந்திருந்தால் தப்பாமல் போகலாம். போராட்டத்துக்கென விதிவிலக்கும் இல்லை.

ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 2004ஆம் ஆண்டு 1566ஆம் தீர்மானம் கொலை, கடுங்காயம், பணயக்கைதி பிடித்தல் ஆகியவற்றோடு நிற்கிறது. எங்கள் பார்வையில் கோடு போட வேண்டிய இடம் இதுதான். சொத்துச் சேதத்தைத் தண்டிக்கச் சாதாரண குற்றவியல் சட்டமே போதும்.

கனடாவை நிதானமாகப் பார்க்க வேண்டும். அங்கே சொத்துச் சேதம் உயிருக்கோ, உடலுக்கோ, மக்களின் ஆரோக்கியத்துக்கோ பாதுகாப்புக்கோ பாரதூரமான ஆபத்தாகக்கூடியதாக இருந்தால்தான் கணக்கு. அத்தியாவசிய சேவையைக் கடுமையாகக் குலைப்பதும் பயங்கரவாதமாகலாம்; ஆனால் ஆர்ப்பாட்டமாகவோ வேலைநிறுத்தமாகவோ, அத்தகைய கேடு எதையும் நினையாமல் செய்திருந்தால் விலக்கு. 2001இல் வந்த முதல் வரைவில் 'சட்டபூர்வமான' ஆர்ப்பாட்டம் என்றே இருந்தது. நிறைவேறுவதற்குள் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள்.

இலங்கையில் அப்படியொரு விலக்கில் அந்த ஒரு சொல் இருந்தால் என்ன செய்யும்? 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தின் கீழ் மின்சாரத்தையோ வைத்தியசாலைகளையோ வர்த்தமானியில் போட்டால், மறுநாள் வேலைக்கு வர மறுப்பதே குற்றம். வேலைநிறுத்தம் 'சட்டபூர்வமானது' இல்லையென்றாகி, விலக்கும் போய்விடும். அதனால் கொழும்பில் எந்தப் புதிய சட்டமூலம் வந்தாலும் விலக்குப் பிரிவில் முதலில் தேட வேண்டியது அந்தச் சொல்லைத்தான். ஊர்வலத்துக்கும் இதே கதி. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி 6 மணித்தியாலம் முன்னதாக அறிவித்தல் கொடுக்க வேண்டும். 5 மணித்தியாலம் முன் கொடுத்தவர்களின் ஊர்வலமும் அந்த விலக்கை இழக்கலாம்.