நானே செதுக்கிய ஷாமோஜி: நான்கு வருடத்துக்கு அப்புறம்

ஹிரோஷிமாவுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் இரண்டு ஷாமோஜி செதுக்கினேன். சோறு கிளறவும் பரிமாறவும் ஜப்பானியர்கள் வைத்திருக்கும் தட்டையான மரக் கரண்டிதான் ஷாமோஜி. ஒன்று ஹினோகி மரத்தில், அதாவது ஜப்பானிய சைப்ரஸில், மற்றது யமாசகுராவில், அதாவது மலைச் செர்ரியில். நான்கு வருடமாக இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன.

ஷாமோஜிக்குப் பேர்போன மியாஜிமா தீவு இங்கிருந்து பக்கம்தான். 1700களின் கடைசியில் செய்ஷின் என்ற துறவி, பென்ஸைதென் தெய்வத்தின் கையிலிருக்கும் பிவா வாத்தியத்தைப் பார்த்து இந்த வடிவத்தை அமைத்து, பிழைப்புக்கு வழியாகத் தீவு மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்பார்கள். கத்தியைப் பிடித்த பிறகுதான் அந்த வடிவத்தின் அருமை எனக்குப் புரிந்தது. தோள் சரிந்து கழுத்தாகும் இடத்தில்தான் கை தடுமாறும். அகலத்திலிருந்து கழுத்தை நோக்கி வெட்டினால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். கழுத்திலிருந்து மேலே ஏற்றினால் ரேகைக்குள் புகுந்து மரம் சிராயாகப் பிளக்கும். என் முதல் பலகை அப்படித்தான் வீணானது.

ஆயுதம் என்று பார்த்தால் ஒரே ஒரு கிரிதாஷி போதும். ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த சின்னக் கத்தி அது. வலது கை கத்தியைப் பிடிக்க, இடது கட்டைவிரல் கத்தியின் முதுகைத் தள்ள வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை சாணைக்கல்லில் தீட்டிவிடுங்கள். மழுங்கின கத்திதான் கையை வெட்டும்.

ஹினோகி செதுக்கச் சுகம், வெண்ணெய் மாதிரி. ஆனால் முதல் சில வாரம் சோற்றில் மர வாசனை ஏறியது, பாத்திர விளிம்பில் பட்டுப் பட்டு முனையும் நசுங்கிவிட்டது. யமாசகுரா செதுக்க மூன்று மடங்கு நேரம் எடுத்தது. இன்றுவரை முனை அப்படியே நிற்கிறது. வாங்குவதானாலும் செதுக்குவதானாலும் யமாசகுராவைத்தான் சொல்வேன்.

ஒரு தவறு செய்தேன். பளபளப்புக்காக ஹினோகிக்கு நல்லெண்ணெய் தடவினேன். இரண்டே மாதத்தில் பிசுபிசுப்பும் சிக்கு வாடையும் வந்து, மேல்பரப்பு முழுவதையும் சீவி எடுக்க வேண்டியதாயிற்று. யமாசகுராவுக்கு எதுவும் தடவவில்லை. உப்புத்தாள்கூட வேண்டாம் என்பேன். உப்புத்தாள் தேய்த்த மரம் தண்ணீர் பட்டதும் நார் எழும்பிச் சொரசொரக்கும். கூரான கத்தி வெட்டிய பரப்பு வழவழப்பாகவே இருக்கும். தேய்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஒருமுறை நனைத்து, காயவைத்து, மறுபடி லேசாகத் தேயுங்கள்.

சோறு ஒட்டுகிறதே என்பவர்களுக்கு: அள்ளும் முன் தண்ணீரில் முக்கி உதறுங்கள். காய்ந்த மரம்தான் சோற்றைப் பிடித்துக்கொள்ளும். கழுவினதும் துடைத்து, காற்றுப் படும்படி நிமிர்த்தி வையுங்கள். ஜூன் மாத மழைக்காலத்தில் ஊருக்குப் போகும் அவசரத்தில் ஈரத்தோடு டிராயருக்குள் போட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது யமாசகுராவின் கழுத்தில் கரும்புள்ளிகள். பூஞ்சை. அதே கிரிதாஷியால் மெல்லிசாக நாலு சீவு சீவினேன், புது மரம் வந்தது. கழுத்து முன்னைவிடக் கொஞ்சம் மெலிந்திருக்கிறது, பிடிக்க இப்போதுதான் வாகாக இருக்கிறது.