3 ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்: எங்கள் கர்னலின் கிராஷ் பதிவு

நாங்கள் 3 ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் நிகழ்நேர இயங்குதளத்தின் (கர்னலின்) கிராஷ் பதிவு வசதியை, அதாவது கருவி செயலிழக்கும்போது அதன் காரணத்தைக் குறித்துவைக்கும் வசதியை, நம்பித் தம் கருவியில் சேர்க்கலாமா என்று நண்பர் ஒருவர் கடந்த வாரம் கேட்டார். சேர்க்கலாம் என்று உடனே சொல்லிவிட்டேன். அந்த வசதி நம்பத்தக்கதாக ஆவதற்கு எங்களுக்கு எத்தனை மாதங்கள் பிடித்தன என்பதைச் சொல்லாமல் விட்டது பிறகு உறுத்தியதால் இதை எழுதுகிறேன்.

ஷெட்யூலர், டைமர், க்யூ ஆகியவற்றில் எனக்குக் குறையே இல்லை. என் மனத்தாங்கல் முழுவதும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: கிராஷ் ஆகும் அந்தக் கணத்திலேயே கர்னல் வெளி ஃபிளாஷில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்) எழுத முயல்கிறது.

ஃபிளாஷில் எழுதும் டிரைவர், பரிமாற்றத்தைத் தொடங்கிவிட்டு, அது முடிந்ததை இன்டரப்ட் (செயலியைக் குறுக்கிட்டு அழைக்கும் சைகை) வந்து செமஃபோர் என்ற காத்திருப்புக் கொடி மூலம் சொல்லும்வரை காத்திருக்கும். சாதாரண நேரத்தில் இது சரியான முறைதான். ஆனால் கார்டெக்ஸ்-எம் செயலிகளில் ஹார்ட்ஃபால்ட்டின், அதாவது கிராஷ் ஆனதும் செயலி நுழையும் நிலையின், முன்னுரிமை -1 (எண் குறையக் குறைய முன்னுரிமை கூடும்) என்று நிலையாக வகுக்கப்பட்டது. ரீசெட்டும் என்எம்ஐயும் (தடுக்க முடியாத இன்டரப்ட்) தவிர வேறெதுவும் அதற்குள் குறுக்கிட முடியாது. ஆகவே எதிர்பார்த்த இன்டரப்ட் வரவே வராது. வாட்ச்டாக் (கருவி உறைந்தால் ரீசெட் செய்யும் டைமர்) கடித்துக் கருவியை மீண்டும் எழுப்பும்வரை டிரைவர் அங்கேயே நிற்கும். இதைவிடக் கொடுமை, அழிக்கும் கட்டளை சிறியது என்பதால் அது காத்திருப்பில்லாமல் போய்ச் சேர்ந்துவிடும். எழுத வேண்டிய தரவு மட்டும் போகாது. முதன்முதலில் அந்தப் பகுதியை எடுத்துப் பார்த்தபோது 4096 பைட்டுகளிலும் அழிக்கப்பட்ட ஃபிளாஷின் மதிப்பான 255 மட்டுமே இருந்தது. புதிய பதிவு எழுதப்படவில்லை, பழைய பதிவும் போய்விட்டது. சாட்சியத்தைக் காக்க வேண்டிய வசதியே ஒவ்வொரு கிராஷிலும் சாட்சியத்தை அழித்துக்கொண்டிருந்தது என்பதை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நாங்கள் செய்த திருத்தம் எளியது. கிராஷ் நேரத்தில் ஃபிளாஷைத் தொடவே கூடாது. தொடக்கக் குறிமுறை சுழியாக்காமல் விட்டுவைக்கும் ஒரு ரேம் பகுதியில் மட்டும் எழுத வேண்டும். செயலி தானாகவே ஸ்டாக்கில் (ஒவ்வொரு திரெட்டும் தன் தற்காலிக மதிப்புகளை வைக்கும் நினைவகப் பகுதியில்) தள்ளும் 8 ரெஜிஸ்டர்கள், அதாவது 32 பைட்டுகள், பிழையின் வகையைச் சொல்லும் ஃபால்ட் நிலை ரெஜிஸ்டர்கள், அப்போது ஓடிய திரெட்டின் (கர்னல் மாற்றி மாற்றி ஓட்டும் பணியின்) பெயர், அதன் ஸ்டாக் எல்லையில் உள்ள 16 பைட்டுகள், இவற்றுக்கெல்லாம் ஒரு சிஆர்சி (தரவு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்), அவ்வளவுதான். அடுத்த பூட்டில், எல்லாம் ஒழுங்காக ஓடும்போது, அதே டிரைவர் அதை நிதானமாக ஃபிளாஷுக்கு மாற்றும்.

இதன்பிறகும் பதிவு இருமுறை காணாமல் போனது. முதல்முறை, பூட்லோடர் (கருவி எழும்போது முதலில் ஓடும் சிறு நிரல்) அதே ரேம் முகவரியைத் தன் ஸ்டாக்காகப் பயன்படுத்தியிருந்தது. பூட்லோடர், எங்கள் நிரல் ஆகிய இரண்டின் லிங்கர் கோப்புகளையும் (எது எந்த முகவரியில் அமரும் என்று வகுப்பவை) அருகருகே வைத்துப் பார்த்த பின்னரே அது புலப்பட்டது. இரண்டாம் முறை, கார்டெக்ஸ்-எம்7 போர்டுக்கு மாறியிருந்தோம். அங்கே எழுதியது டேட்டா கேஷிலேயே (செயலிக்கும் ரேமுக்கும் இடையிலுள்ள வேக நினைவகத்திலேயே) தங்கிவிட்டது. ரீசெட்டில் ரேம் பிழைத்தாலும், ரேமுக்குப் போய்ச் சேராத கேஷ் வரிகள் பிழைப்பதில்லை. ரீசெட்டுக்கு முன் அந்தப் பகுதியின் கேஷை ரேமுக்குத் தள்ளும் ஒரே ஒரு வரியைச் சேர்த்ததும் சரியாயிற்று. அந்த ஒரு வரிக்கு இரண்டு வாரங்கள் தேடினேன். கர்னலின் ஆவணத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்ற கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு, எப்போதாவது ஒருமுறை மட்டும் விழுந்துகொண்டிருந்த ஒரு கருவி திரும்பி வந்தது. பதிவில் இருந்த புரோகிராம் கவுண்டர் (கிராஷ் ஆனபோது ஓடிய கட்டளையின் முகவரி), எந்தக் குற்றமும் இல்லாத ஒரு க்யூ ஃபங்ஷனைக் காட்டியது. அடுத்ததாக அந்த 16 பைட்டுகளைப் பார்த்தேன். திரெட் தொடங்கும்போது ஸ்டாக் முழுவதையும் கர்னல் 165 என்ற மதிப்பால் நிரப்பி வைக்கும். எல்லையில் அந்த 165 ஒரு பைட்டில்கூட மிஞ்சியிருக்கவில்லை. ஸ்டாக் வழிந்து பக்கத்து நினைவகத்தைக் கெடுத்திருந்தது. அந்த திரெட்டின் ஸ்டாக்கை 512 பைட்டிலிருந்து 1024 ஆக உயர்த்தினோம். அன்றிலிருந்து அந்தக் கருவி விழவில்லை. கருவி ஆய்வு மேசைக்கு வந்து அரை மணி நேரத்துக்குள் இது முடிந்தது என்பதை நினைத்தால் இப்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

தீராத குறை ஒன்று இருக்கிறது: மின்சாரமே துண்டிக்கப்பட்டால் ரேமில் உள்ள பதிவு போய்விடும். மேலும் கிராஷ் தொடர்ந்து நிகழும்போது கடைசிப் பதிவு முதல் பதிவின் மேல் எழுதப்பட்டு உண்மைக் காரணம் மறைந்துவிடும். நாங்கள் முதல் பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றவற்றை எண்ணிக்கையாக மட்டும் கூட்டுகிறோம்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், எங்கள் அடுத்த கருவிக்கும் இதே கர்னல்தான். நண்பருக்கும் என் பதில் மாறவில்லை, சேர்க்கலாம். ஆனால் கர்னலுடன் வரும் ஃபிளாஷ் முறையை மட்டும் இயக்காமல் அணைத்து வையுங்கள். உங்கள் பூட்லோடர் ரேமில் எந்தெந்த முகவரிகளைத் தொடுகிறது என்று முதலில் பார்த்து எனக்கு எழுதுங்கள். எங்கள் திருத்தத்தை உங்கள் போர்டுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்புகிறேன்.