சிப்பிக் காளான் குடிலில் எக்ஸாஸ்ட் ஃபேன், ஃபாகர்: வருடம் முழுக்க ஓட்டிய அனுபவம்

குடில் கோவைப் பக்கம். 20 அடி நீளம், 10 அடி அகலம், 8 அடி உயரம், கீற்றுக் கூரை, தரையில் அரை அடி மணல். மேற்குச் சுவரில் 4 அடிக்கு 3 அடி திறப்பு, அதில் ஈரச் சாக்கு. கிழக்குச் சுவரில் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். கூரையடியில் தண்ணீரைப் பனிபோலத் தெளிக்கும் நான்கு முனை ஃபாகர் இரண்டு. நான்கு வெயில், நான்கு மழை பார்த்த செட்டப் இது.

முதலில் ஃபேன் அளவு. அறையின் கொள்ளளவு 1600 கன அடி. பெட்டியில் 500 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) என்று போட்டிருந்தாலும் பூச்சி வலை, ஷட்டர் எல்லாம் தாண்டி 300தான் கணக்கில் வைக்க வேண்டும். அந்த வேகத்தில் அறைக்காற்று ஒருமுறை மாற ஐந்தரை நிமிடம் ஆகும். அறுவடை அறைக்கு மணிக்கு 5, 6 முறை மாறினால் போதும் என்பதால் 5 நிமிடம் ஓட்டம், 5 நிமிடம் ஓய்வு. சாதாரண 24 மணி நேர டைமரின் வட்டில் ஒரு பல்லே 15 நிமிடம், அதற்குக் குறைவாக வைக்க முடியாது. அவ்வளவு நேரம் ஓடினால் ஈரம் சரிந்து மொட்டு கருகும். ஓட்டத்தையும் ஓய்வையும் நிமிடக் கணக்கில் மாறிமாறி வைக்கும் சைக்ளிக் டைமர் வாங்குங்கள், விலை வித்தியாசம் பெரிதில்லை.

காற்று போதுமா என்பதைக் காளானே சொல்லிவிடும். தண்டு நீண்டு, குடை பொத்தான் அளவில் நின்றால் கரியமில வாயு தேங்குகிறது. அதை 1000 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கு காற்றில் 1000 பங்கு) வைத்தால் குடை விரிகிறது. மொட்டு வருமுன் பைக்குள் காளான் வித்து இழையாகப் பரவும் அறைக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அங்கே பைகளை ஒட்டி அடுக்கக் கூடாது. பூசண இழை வளரும்போது பைக்குள் சூடு அறையைவிட 3, 4 டிகிரி ஏறும். அறை 30 காட்டும்போது நடுப்பையில் இழை நலிந்து, பிறகு அதே இடத்தில் பச்சைப் பூசணம் வரும்.

வெயில் காலத்தில் பலரும் ஃபேனை நிறுத்திவிட்டு ஃபாகரை மட்டும் ஓட்டுகிறார்கள், ஈரம் வெளியே போய்விடும் என்று. இதனால் குளிர்ச்சி கிடைக்காது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஆவியாக வறண்ட காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். மூடிய அறையில் காற்றில் ஈரம் நிறைந்ததும் ஆவியாவது நின்றுவிடும், மிச்சத் தண்ணீர் பை மேல் சொட்டும். ஏப்ரல் மதியத்தில் ஃபேன் நிற்காமல் ஓட, ஃபாகர் 5 நிமிடத்துக்கு 20 வினாடி. வெளியே 37 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் இருந்தால் ஈரக் குமிழ் வெப்பநிலை, அதாவது தண்ணீர் ஆவியாவதால் காற்று இறங்கக்கூடிய கடைசி எல்லை, 23.5 பக்கம். உள்ளே 26, 27 வரை இறக்கலாம்.

இதே செட்டப்பைச் சென்னையில் போட்டால் ஏமாற்றம்தான். 36 டிகிரி, 60 சதவீத ஈரம் என்றால் ஈரக் குமிழே 29 தாண்டிவிடும். எத்தனை ஃபாகர் வைத்தாலும் அதற்குக் கீழே போகாது. அங்கே கோடையில் 30 முதல் 35 டிகிரியில் விளையும் பால் காளானுக்கு மாறுவதே சரி.

ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போதுதான் ஃபேனைக் கிழக்கில் வைத்ததன் அருமை தெரியும். மேற்கு பார்த்து வைத்தால் ஃபேன் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டி, ஓய்வு நேரத்தில் ஷட்டர் வழியே புழுதியும் காளான் ஈயும் உள்ளே வரும். ஐப்பசி மழையில் எல்லாம் தலைகீழ். வெளிக்காற்றே ஈரம் சுமந்து வருவதால் ஃபாகரை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓட்ட வேண்டும். குடை மேல் தண்ணீர் சில மணி நேரம் நின்றாலே பாக்டீரியா தாக்கி மஞ்சள் பழுப்புப் புள்ளி விழுகிறது. அந்தக் காளான் விலை போகாது.

ஃபாகருக்கு 4 பார் அழுத்தம் கிடைக்காவிட்டால் பனியாகப் பிரியாது, தூறலாகத்தான் விழும். முனைக்கு முன்னால் சொட்டுத் தடுப்பு வால்வு கட்டாயம். போர் தண்ணீரின் உப்பு முனையை அடைப்பதால் மாதம் ஒருமுறை சிட்ரிக் ஆசிட் கரைசலில் இரவு முழுக்க ஊறப்போட வேண்டும். மொட்டை மாடி கறுப்புத் தொட்டித் தண்ணீரை நேராக விடாதீர்கள், மதியம் அது கொதிக்கும்.

மலிவு டிஜிட்டல் ஈரமானி சில மாதங்களில் எப்போதும் 99 காட்டத் தொடங்கும். ஒன்றின் குமிழில் ஈரத் திரித்துணி சுற்றிய இரட்டைத் தெர்மாமீட்டர் (ஈர, உலர் குமிழ்)தான் நம்பகம்: 25 டிகிரியில் இரண்டுக்கும் வித்தியாசம் 2 டிகிரி என்றால் ஈரப்பதம் 84 சதவீதம். 3 டிகிரி ஆனால் 77, சாக்கை நனைக்க நேரமாகிவிட்டது. திரித்துணி கெட்டிப்பட்டால் மாற்றிவிடுங்கள்.

ஃபேன் பக்கத்து வலையில் அறுவடைக் காலம் முழுக்க குடையிலிருந்து உதிரும் வித்துத்தூள் வெள்ளை மாவு போலப் படியும். வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் காற்று பாதியாகக் குறையும், ஷட்டர் இதழ்களும் ஒட்டிக்கொண்டு திறக்காது. கழற்றுமுன் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள், என்-95 மாஸ்க் இல்லாமல் தொடாதீர்கள். அந்தத் தூள்தான் காளான்காரர்களுக்கு வரும் விடாத இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் காரணம். குடை ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன்பே பறித்தால் தூளும் குறையும், எடையும் நிற்கும்.