மரப் பெட்டியா, தகர டப்பாவா: மலை ஈரத்தைத் தாங்கும் சுருட்டுப் பெட்டி கிடார் எது?

காலிப் பெட்டியில் கட்டை செருகிக் கம்பி பூட்டி வீட்டிலேயே செய்வதுதான் சுருட்டுப் பெட்டி கிடார். இந்த மூன்று கம்பி கிடார் செய்ய அசல் சுருட்டுப் பெட்டிதான் வேண்டும் என்று அலைய வேண்டியதில்லை. ஊட்டி, குன்னூர் கடைகளில் தேயிலைத்தூள் அடைத்துத் தரும் சின்ன மரப் பெட்டியோ, வீட்டில் வர்க்கி போட்டு வைத்திருக்கும் தகர டப்பாவோ போதும். இரண்டில் என் ஓட்டு மரப் பெட்டிக்கு. துணி ஒட்டிய அட்டைப் பெட்டி, எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) பெட்டி இரண்டையும் தொடவே வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் உப்பிவிடும்.

கழுத்துக் கட்டை இரண்டுக்கும் ஒன்றே. 38 × 19 மி.மீ. ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்), 90 செ.மீ. நீளம், நன்றாக உலர்ந்த தேக்கு. தைல மரம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் காயும்போது முறுக்கிக்கொள்ளும். கட்டை பெட்டியின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். மூன்று கம்பிகளும் சேர்ந்து சுமார் 30 கிலோ அளவுக்கு இழுக்கும். அந்த இழுப்பைக் கட்டை தாங்கட்டும், பெட்டி சத்தம் கொடுத்தால் போதும். நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) குதிரைக்கு (மூடிமேல் கம்பிகளைத் தாங்கும் துண்டு) 635 மி.மீ. கிடார் செட்டில் ஏ, டி, ஜி கம்பிகளை எடுத்து, ஏ கம்பியை ஜி-க்கு இறக்கினால் ஜி-டி-ஜி சுருதி.

தகர டப்பாவின் நாதம் பாஞ்சோ (தோல் போர்த்திய கம்பி வாத்தியம்) பக்கம் போகும். தட்டினால் பளிச்சென்று எழும், உடனே அடங்கும். ஸ்லைடு (கம்பிமேல் தேய்க்கும் குழாய்) வைத்து வாசிக்கிறவருக்கு அது பிடிக்கும். ஆனால் மெல்லிய தகடு குதிரையின் அழுத்தத்தில் குழிகிறது; கம்பி தாழ்ந்து கட்டையில் உரசும். குதிரைக்கு அடியில் உள்பக்கமாக 3 மி.மீ. பிளைவுட் துண்டு ஒட்டினால் இது குறையும். மூடி விளிம்பு கிணுகிணுப்பதற்கு உள்ளே சிலிக்கான் பூசுவதே வழி. துளை போட்ட ஓரங்களை அரத்தால் தேய்த்துப் பெயின்ட் அடிக்காவிட்டால் பனி இறங்கும் காலையில் அங்கேதான் துரு தொடங்கும்.

மரத்துக்கு வருவோம். மூடியை விரலால் தட்டிப் பாருங்கள். ‘டக்’ என்றால் தடிமன் அதிகம். ‘டொம்’ என்று கொஞ்சம் நின்றால் சரியான மூடி. 2.5 முதல் 3 மி.மீ. பிளைவுட் நல்லது. 5 மி.மீ. பலகை என்றால் உள்பக்கம் இழைத்து 3-க்குக் கொண்டு வாருங்கள். 22 × 16 × 6 செ.மீ. பெட்டி போதும், மேல் மூலைகளில் 20 மி.மீ. துளை இரண்டு. குதிரையை ஒட்ட வேண்டாம். கம்பியின் அழுத்தமே அதைப் பிடித்து நிறுத்தும். தடித்த கம்பி பக்கம் 2, 3 மி.மீ. பின்னால் சாய்த்து வையுங்கள். 12ஆவது மெட்டில், அதாவது நட்டிலிருந்து 317.5 மி.மீ.-இல், அழுத்தி மீட்டும் சுரமும் மணிச்சுரமும் (அங்கே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் சுரம்) ஒன்றாகும் வரை குதிரையை நகர்த்துங்கள்.

நாதம் பிழைப்பதும் சாவதும் மூடிக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான். கட்டை மூடியைத் தொட்டால் மூடி அதிராது. பெட்டிக்குள் இருக்கும் பகுதி முழுவதையும் மேலிருந்து உளியால் 4 மி.மீ. தாழ்த்துங்கள். சமவெளியில் 2 மி.மீ. போதும். இங்கே போதாது: கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் மூடி ஈரத்தை இழுத்து விரியும். நான்கு பக்கமும் கட்டுண்ட மூடி விரிய இடமில்லாமல் ஒன்று மேலே புடைக்கும், இல்லை உள்ளே குழியும். குழிந்தால் கட்டையைத் தொடும். நேற்று வரை பாடிய பெட்டி இன்று கட்டைபோல் ஒலிப்பதற்கு இதுவே முதல் காரணம். தனிப் பலகை மூடி நாருக்குக் குறுக்கே அதிகம் அசையும். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அவ்வளவு அசையாது. பழம் பலகை மேல் எனக்கு ஆசை உண்டு, இருந்தாலும் மலையில் பிளைவுட்டையே சொல்வேன்.

பூச்சு மூடியின் இரண்டு பக்கமும் வேண்டும். வெளியே மட்டும் பூசினால் உள்பக்கம் ஈரம் குடித்து மூடி வளையும். அரக்கு பாலிஷ் மெல்லியதாக இரண்டு கை; அதற்கு மேல் பூசினால் நாதம் மங்கும். மூடுபனி நாளில் பூசினால் வெள்ளையாகப் பூத்துவிடும், ஆகவே பிப்ரவரி, மார்ச் மதிய வெயிலில் முடித்துவிடுங்கள். பசையும் தண்ணீர் தாங்கும் வகையாக இருக்கட்டும். மூடியை மட்டும் ஒட்டாமல் மூலைக்கு ஒன்றாக நான்கு ஸ்க்ரூவில் நிறுத்துங்கள். தொட்டுக்கொண்டால் திறந்து உப்புத்தாள் போட்டுவிடலாம்.

30 செ.மீ. தாண்டிய பெட்டிக்கு இந்த 4 மி.மீ. கணக்கை நான் அப்படியே சொல்ல மாட்டேன். மூடிக்கு அடியில் குறுக்குச் சட்டம் கொடுக்க வேண்டிவரலாம். வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடைத்து, வெளிச்சுவரில் மாட்டாமல் உள்ளறையில் வையுங்கள். ஒலித்துளை வழியே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டால் மழை மாதங்களில் சுருதி அவ்வளவாக அலையாது.