மூட்டுவலி: வரிசையாகக் கேட்பதா, பேச விடுவதா?

மூட்டுவலியோடு வருபவரிடம் மருத்துவர் படிவத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்பது ஒரு முறை. "முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று அவரையே பேச விடுவது மற்றொரு முறை. எத்தனை மூட்டுகள், இருபுறமுமா, காய்ச்சல் உண்டா, குடும்பத்தில் சொரியாசிஸ் என்ற தோல்நோய் உண்டா என்று எதுவும் விடுபடாமல் கேட்கப் படிவம் உதவும்; ஒரே மூட்டு திடீரென வீங்கிக் காய்ச்சலும் அடித்தால் மூட்டுக்குள் கிருமித்தொற்றை உடனே நினைக்க வேண்டும் என்பதால், அவசர வேளையில் அதுவே பாதுகாப்பானது.

ஆனால், "காலையில் விறைப்பு உண்டா?" என்று மட்டும் கேட்டால், முழங்கால் தேய்மானம் உள்ளவரும் முடக்குவாதம் (அழற்சியால் மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்) உள்ளவரும் "ஆமாம்" என்றே சொல்லக்கூடும். பேச விட்டால், முதலாமவர் எழுந்து நாலு எட்டு வைத்ததும் விறைப்பு விட்டுவிடுகிறது, படி இறங்கும்போதுதான் வலிக்கிறது என்பார். மற்றவரோ, விடிந்து ஒரு மணி நேரமாகியும் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, புழங்கப் புழங்கத்தான் கை இளகுகிறது என்பார். பொதுவாக 30 நிமிடத்துக்குள் தீரும் விறைப்பு தேய்மானத்தையும், அதைத் தாண்டி நீள்வது அழற்சியையும் சுட்டும்.

அவசரமில்லாத நோயாளியை முதலில் பேச விடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. கடையில் தாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரையைப் பலர் மருந்தாகவே எண்ணுவதில்லை என்பதால், அதைப் பிறகு தனியே கேட்டே ஆக வேண்டும்.